பேர் வைக்காத வரைபடம்

ராசாத்தாளும் அவளுடைய தம்பி தனபாலும் ஒரே பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் நடுவில் ஒரு ஆள் தாராளமாக உட்காரும்படி இடம் விட்டு, அந்த இடத்தில் ராசாத்தாள் தன் ஒயர்கூடையைத் தூக்கி வைத்திருந்தாள். கூடைக்கு இந்தப் பக்கம் அக்கா, அந்தப் பக்கம் தம்பி. எதிரே கம்ப்யூட்டர் திரை. திரைக்கு முன்னால், இரண்டு பேருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு ரூத்.

"அம்மணி, அவருகிட்டச் சொல்லுங்க. சமையக்கட்ட அக்கட்ட வெச்சா பொகையெல்லாம் என்ர ரூமுக்குத்தான் வருமுங்க."

"மேடம், அவங்ககிட்டக் கேளுங்க. இந்தக் காலத்துல எந்த ஊட்லீங்க பொகை வருது?"

"எனக்குத் தண்ணி காய வெக்க வெறகடுப்பு வேணும்னு சொல்லுங்க, அம்மணி. கேஸுத் தண்ணியில குளிச்சா எனக்கு ஒடம்பு கடுக்குது."

கேஸில் காய்ந்தால் என்ன, விறகில் காய்ந்தால் என்ன, தண்ணீர் தண்ணீர்தானே என்று தனபால் முணுமுணுத்தான். அது ராசாத்தாளுக்குக் கேட்டது. கேட்டாலும் ரூத் திரும்பி ஒருமுறை சொன்னால்தான் கேட்டதாகக் கணக்கு. காலையிலிருந்து இப்படித்தான் நடந்துகொண்டிருந்தது. வீடு வரைகிறேன் என்று உட்கார்ந்தவள் தபால்காரி ஆகிவிட்டாள்.

காரமடையில், மேட்டுப்பாளையம் சாலையில், ஒரு மருந்துக்கடைக்கு மேலே இருந்தது ரூத்தின் அலுவலகம். அலுவலகம் என்றால் ஒரு அறைதான். கோயமுத்தூரில் ஒரு இன்ஜினியரிடம் வெகுகாலம் படம் வரைந்து கொடுத்துவிட்டு, இப்போதுதான் சொந்தமாகப் பலகை மாட்டியிருந்தாள். வந்த வேலைகள் எல்லாம் சின்னச் சின்னவை. மாட்டுக்கொட்டகைக்கு ஒரு படம், மாடியில் ஓர் அறைக்கு ஒரு படம். முழு வீடு என்று வந்தது இதுதான் முதல்.

வேலை வந்த அன்றே தனபால் விஷயத்தைச் சொல்லியிருந்தான். தோலம்பாளையம் பக்கம் அவர்களுடைய தோட்டம். அதில் அக்காவுக்கும் பங்கு உண்டு. அக்கா அந்தியூரில் வாழ்க்கைப்பட்டு, புருஷன் போன பிறகு அங்கேயே வாடகை வீட்டில் தனியாக இருக்கிறாள். ஒரே கூரையின் கீழ் இரண்டு வீடாகக் கட்டி ஒன்றில் அக்காவை அழைத்து வந்துவிட வேண்டும். "அவ்வளவுதானுங்க. ஆனா எங்களுக்குள்ள பேச்சு இல்லீங்க" என்று கடைசியில் சேர்த்தான்.

பேச்சு நின்றதற்குக் காரணம் ஒரு பத்திரிகை. தனபாலின் கல்யாணத்தில் அக்காவின் முறையாக அவனுக்கு இணைச்சீர் செய்தவள் ராசாத்தாள். அப்படிப்பட்டவளுக்கு, தன் மகள் கல்யாணப் பத்திரிகையைத் தட்டில் வைத்து, நேரில் போய்க் கொடுக்காமல், போனில் படமாக அனுப்பிவிட்டான். வேலை நெருக்கடி என்றான். அவள் கல்யாணத்துக்கு வந்தாள், செய்யவேண்டிய சீரைச் செய்தாள், ஒரு வாய் சாப்பிடாமல் பஸ் ஏறிவிட்டாள். அதோடு சரி. இந்த வீட்டு விஷயமே நடுவில் சொந்தபந்தமான நாலு ஒறம்பரைக்காரர்கள் தூது போய்த்தான் இந்தப் பெஞ்சு வரைக்கும் வந்திருந்தது.

"இன்னிக்கு முடிஞ்சா முடியட்டுமுங்க, அம்மணி" என்று ராசாத்தாள் படியேறி வந்ததுமே ரூத்திடம் சொல்லிவிட்டாள். "இன்னொரு தடவ பஸ்ஸேறி வந்து, இன்னொரு தடவ இப்படி ஒக்காந்து பேச எனக்குத் தெம்பில்ல. முடியலீன்னா நான் அந்தியூர்லயே இருந்துக்கறேன்."

அதனால்தான் ரூத் அன்று ஒவ்வொரு சுவரையும் பயந்து பயந்து நகர்த்தினாள்.

இதில் இன்னொரு சங்கடம். அந்தியூர் பஸ் தாமதமாகிவிட்டது. வெள்ளிக்கிழமை. அவர்கள் உட்காரும்போதே ராகு காலம் தொடங்கிவிட்டது. கொஞ்சம் வரைந்ததும் ரூத் வழக்கப்படி படத்தைச் சேமிக்கப் போனாள். 'என்ன பெயர்?' என்று திரையில் ஒரு பெட்டி கேட்டது. ராசாத்தாளுக்கு அதெல்லாம் புரியாது என்று நினைக்காதீர்கள். பெட்டியைப் பார்த்ததும் பட்டென்று கேட்டாள்.

"ஊட்டுக்குப் பேரு வெக்கப் போறீங்களா, அம்மணி?"

"படத்துக்குங்க, அம்மா."

"படந்தான் இப்போதைக்கு ஊடு. ராகு காலத்துல பேரு வெக்க வேண்டாமுங்க. உச்சி கழியட்டும். கோயிலுக்குப் போய்ட்டு வந்தர்றேன், அப்பறம் வெச்சுக்கலாமுங்க. தப்பா எடுத்துக்காதீங்க."

ரூத் ஞாயிறு தவறாமல் ஆராதனைக்குப் போகிறவள். பாடகர் குழுவில் முதல் வரிசை. ராகு காலத்துக்கும் அவளுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஏதோ ஒரு பெயரைத் தட்டிச் சேமித்துவிட்டு, பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அத்தனை தூரத்திலிருந்து வந்த ஒரு அம்மா கையெடுத்துக் கும்பிடாத குறையாகக் கேட்கும்போது, அவள் கண்ணெதிரே பெயரைத் தட்ட விரல் வரவில்லை. "சரிங்க, அம்மா" என்று பெட்டியை மூடிவிட்டாள். படம் பெயரில்லாமலே வளர்ந்தது.

பேச்சு ஒரு வழியாக நடுச்சுவரில் வந்து நின்றது. இரண்டு வீட்டையும் பிரிக்கிற சுவர்.

"நடுவுல ஒரு கதவு வெக்கலாங்களா?" என்று ரூத்தான் கேட்டாள். கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

கீழே மருந்துக்கடையில் யாரோ இருமல் மருந்து கேட்பது வரைக்கும் கேட்டது.

"அவங்களுக்கு இஷ்டம்னா வெய்யுங்க, மேடம்."

"அவருக்கு இஷ்டம்னா வெய்யுங்க, அம்மணி."

இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன. ரூத் தாமதிக்கவில்லை. சுவரை வெட்டிக் கதவை வைத்தாள். பிறகு தாழ்ப்பாள் எந்தப் பக்கம் என்று ஒரு சண்டை. கடைசியில் 'இரு பக்கமும் தாழ்ப்பாள்' என்று கதவுக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் எழுதச் சொல்லி ராசியானார்கள். அக்கா கூடையை எடுத்துக்கொண்டு ரங்கநாதர் கோயிலுக்குப் போனாள். தம்பி எதிர்ச்சாரியில் இருந்த பேக்கரிக்கு டீ குடிக்கப் போனான். உச்சி கழிந்து வந்தால் பெயர் வைத்து, அச்செடுத்து, நாலு மூலையிலும் மஞ்சள் வைத்துக் கொடுக்க வேண்டும்.

தனியாக இருந்த ரூத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்தச் சந்தோஷம்தான் வினையாகிவிட்டது. முன்வாசலுக்குச் செங்கல் தரை வேண்டும் என்று தனபால் சொல்லியிருந்தான். அதைப் படத்தில் கட்டம் கட்டமாக நிரப்பிக் காட்டினால் அச்சில் எவ்வளவு அழகாக இருக்கும்! யாரும் கேட்காத அழகு. நிரப்பினாள். கட்டத்தின் அளவைப் பார்க்காமல் நிரப்பினாள். செங்கல் அளவில் வரவேண்டிய கட்டம் கடுகு அளவில் வர ஆரம்பித்தது. முன்வாசல் முழுக்கக் கடுகுக் கோடுகள். திரை உறைந்தது. ஒரு பெட்டி வந்து ஏதோ பிழை என்றது. அடுத்த நொடி மென்பொருள் முழுவதும் தானே மூடிக்கொண்டது.

இருந்த வீடு இல்லை. எப்போதும் பின்னணியில் இருக்கும் மலைக்காட்சிப் படம்தான் திரையில் இருந்தது.

மறுபடி திறந்தாள். திறந்தது அவளுடைய இடமாகவே இல்லை. ரூத் நொட்டாங்கைக்காரி. அந்த இடது கைக்குத் தோதாக எல்லாக் கருவிகளையும் இடது ஓரமாக அடுக்கி வைத்திருப்பாள். பின்புலம் கறுப்பு. இப்போது எல்லாம் மேலே போய் ஒரு பட்டையாக உட்கார்ந்திருந்தது. பாதிக் கருவிகளைக் காணவில்லை. ஓரத்தில் புதிதாக ஒரு சிறு பலகை வந்தது. பதற்றத்தில் அதையும் மூடினாள். பிறகுதான் மூடியது எது என்று உறைத்தது. கோயமுத்தூர் அலுவலகத்தில் கூட வேலை பார்த்த கரோலினுக்குப் போன் போட்டாள்.

"கரோலின், எல்லாம் போச்சுடி."

"யாரு போனா?"

"படம். மூடிக்கிச்சு. கட்டம் நிரப்பற ஹேட்ச் போட்டேன்."

"அளவு பாக்காம போட்டியா? நீ திருந்தவே மாட்டியா, ரூத்து?"

"திட்டறதுன்னா ஞாயித்துக்கிழம திட்டு. இப்ப வழி சொல்லு. அவங்க வந்துருவாங்க."

"கடைசியா எப்ப சேவ் பண்ணுன?"

ரூத் வாசல் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

"ஏய். எப்ப?"

"பண்ணல. பேரே வெக்கல. ராகு காலம்னாங்க."

அந்தப் பக்கம் சிரிப்பு வெடித்தது. "நீயா? முதல் வரிசையில நின்னு அல்லேலூயா பாடற நீயா? போதகர் காதுல உழுந்தா உன்னைப் பின் வரிசைக்கு அனுப்பிருவாரு."

"கரோலின்!"

"சரி சரி, அழுவாத. கண்ணத் தொடச்சுட்டுக் கேளு. மூடுனதும் ஓரத்துல ஒரு பலகை வந்திருக்குமே, மீட்டெடுக்கறதுக்கு?"

"மூடிப்போட்டேன்."

"போட்டா போவுது. திருப்பிக் கூப்புடலாம்."

கரோலின் சொன்ன கட்டளையை ரூத் தட்டினாள். பலகை வந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

"காலியா? சரி, அதோட முடிஞ்சிரல. சாஃப்ட்வேரு நம்ம கேக்காமயே அப்பப்ப ஒரு நகல் எடுத்து ஒளிச்சு வெக்கும். பேரு வெக்காத படத்துக்கும் வெக்கும். ஒழுங்கா மூடுனா தானே அழிச்சிரும். இப்ப திடுக்குன்னு மூடியிருக்கு, அழிக்க நேரம் இருந்திருக்காது. நீ மூடுன மாதிரி இல்லீல்ல?"

"அதுவா மூடிக்கிச்சு."

"நல்லது. செட்டிங்ஸுக்குப் போ. தானா சேவ் பண்ற ஃபைல் எந்த எடத்துல இருக்குன்னு எழுதியிருக்கும். அந்த வழியை அப்படியே காப்பி பண்ணி, ஃபோல்டரத் தேடற எடத்துல ஒட்டு. கையால தேடாத, அது மறைஞ்ச ஃபோல்டரு."

கண்ணில் படாமல் இருந்த அந்த அறை திறந்தது. உள்ளே குப்பை கூளமாக எத்தனையோ கோப்புகள். பெயர் வைக்காத படங்களுக்கெல்லாம் மென்பொருள் தானாக ஒரே பெயரைத்தான் வைத்திருந்தது. பின்னால் எண்கள் மட்டும் வேறு வேறு.

"எல்லாம் ஒரே பேரா இருக்குடி."

"தேதி வாரியா அடுக்கு. இன்னிக்குத் தேதியில கடைசி ஃபைலு எது?"

"இருக்கு. ஒண்ணு இருக்கு."

"தொடாத! அசலத் தொடாத. நகலெடுத்து டெஸ்க்டாப்புல வெய்யி. நகலோட பேருக்குப் பின்னால, புள்ளிக்கு அப்பறம் வர்ற வால் வேற மாதிரி இருக்கும். அந்த வால வெட்டிட்டு நம்ம படத்தோட வால ஒட்டு. அப்பறம் தொற."

ரூத் வாலை வெட்டினாள். புது வாலை ஒட்டினாள். 'மாற்றினால் கோப்பு கெட்டுப்போகலாம், சரியா?' என்று கம்ப்யூட்டர் கேட்டது. இதற்குமேல் கெட என்ன இருக்கிறது என்று சரி என்றாள். திறந்தாள். உள்ளே ஒரு வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

வீடு வந்தது.

முன்வாசல், சமையல்கட்டு, ராசாத்தாளின் விறகடுப்பு, தனபாலின் மாடிப்படி, எல்லாம் அங்கங்கே இருந்தன. கடுகுக் கோடுகள் மட்டும் இல்லை. "இருக்குடி, இருக்குடி" என்று சொல்லும்போதே ரூத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. "எதையும் பாக்கறதுக்கு முன்னாடி சேவ் பண்ணு, தாயி. பேரு எதா இருந்தாலும் சரி" என்று கரோலின் கத்தினாள். ரூத் நாலு எழுத்தைக் கண்ணை மூடிக்கொண்டு தட்டிச் சேமித்தாள். அப்புறம்தான் நடுச்சுவரைப் பார்த்தாள்.

சுவர் முழுசாக இருந்தது. கதவு இல்லை.

கதவு வைத்தது கடைசியில் அல்லவா? மென்பொருள் நகல் எடுத்தது அதற்கு முந்தி. பரவாயில்லை, கதவு எங்கே என்று அவளுக்குத் தெரியும். ஒரு நிமிட வேலை. ஆனால் வெட்டும் கருவி எங்கே? கதவுகளை வைத்திருந்த பெட்டி எங்கே? கை இடது ஓரத்துக்குப் போனது. அங்கே ஒன்றும் இல்லை. மேலே இருந்த பட்டையில் எல்லாம் அந்நியமாக இருந்தது, ஒறம்பரை வீட்டுச் சமையல்கட்டில் உப்புத் தேடுகிற மாதிரி.

"உன்ர அடுக்கு முறைய முன்னாடி பேரு போட்டு வெச்சிருந்தியே, கீழ் மூலையில ஒரு பல்சக்கரம் இருக்கும் பாரு" என்றாள் கரோலின். இருந்தது. அழுத்தினாள். மென்பொருளோடு வந்த சில பெயர்களுக்குக் கீழே 'ரூத்' என்று இருந்தது. எப்போதோ ஒருநாள் வேலையில்லாத மத்தியானத்தில் சேமித்து வைத்தது. படத்துக்கு வைக்காத பெயரைத் தனக்கு வைத்திருந்தாள். அதைத் தொட்டதும் மேலே இருந்த பட்டை சுருங்கி மறைந்தது. கருவிகள் ஒவ்வொன்றாக இறங்கி வந்து இடது ஓரத்தில் தம் தம் இடத்தில் உட்கார்ந்தன. பின்புலம் கறுப்பானது. ரூத் மூச்சை விட்டாள். போனை வைத்தாள். கை கதவுப் பெட்டிக்குப் போனது.

"வந்துட்டேனுங்க, அம்மணி. வெய்யிலு பொசுக்குது."

ராசாத்தாள் நெற்றி நிறையத் திருநாமமும் கையில் துளசியுமாக வாசலில் நின்றாள். ரூத் திரும்புவதற்குள் அவள் கண் திரைக்குப் போய்விட்டது. பார்த்துக்கொண்டே நின்றாள். முகத்தில் இருந்த வெயில் எல்லாம் இறங்கியது.

"எடுக்கச் சொல்லிப்போட்டானா?"

"அம்மா, அது வந்துங்க..."

"வேண்டாமுங்க, சொல்ல வேண்டாம். எனக்குப் புரிஞ்சுது. நான் அக்கட்ட போனதும் போன் பண்ணியிருப்பான். நான் அந்தியூர்லயே இருந்துக்கறேன்." கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு திரும்பினாள். படியில் தனபால் ஏறி வந்துகொண்டிருந்தான். கையில் தேங்காய் பன் பொட்டலம். வழியை அடைத்துக்கொண்டு நின்றாள் ராசாத்தாள். அவள் தோளுக்கு மேலாக அவனும் திரையைப் பார்த்தான். அவன் முகமும் இறங்கியது.

"கதவு எங்கே?"

அவனும் ரூத்தைத்தான் கேட்கப் போனான். "மேடம், அவங்க..." என்று ஆரம்பித்தான். முடிக்கவில்லை. அக்காவைப் பார்த்துத் திரும்பினான்.

"நீ எடுக்கச் சொன்னியாக்கா?"

அந்த அறையில் அன்று காலையிலிருந்து பேசிய பேச்சில், ஒருவர் முகத்தைப் பார்த்து இன்னொருவர் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"நானா? நான் எதுக்குடா எடுக்கச் சொல்றேன்? நீதான் எடுத்துப்போட்ட!"

"நான் பேக்கரியில நின்னுட்டிருந்தேன். உனக்குத் தேங்காப் பன்னு புடிக்குமேன்னு சூடா வர்றதுக்குக் காத்துட்டு நின்னேன். கதவ எடுக்கச் சொல்றவன் பன்னு வாங்குவானா?"

"போன் இருக்குதில்ல உங்கையில! பத்திரிகையையே போன்ல அனுப்புனவன், கதவ எடுக்க மாட்டியா?"

ரூத் எழுந்து நின்றாள். "ரெண்டு பேரும் இல்லீங்க. நாந்தானுங்க" என்றாள். நடந்ததை எல்லாம் சொன்னாள். கட்டம் போட்டது, மூடிக்கொண்டது, பெயர் இல்லாததால் தவித்தது, மீட்டது, கதவு மட்டும் வராமல் போனது. ஒன்றையும் மறைக்கவில்லை.

ராசாத்தாள் கூடையைக் கீழே வைத்தாள். "அப்ப, நான் பேரு வெக்க வேண்டாம்னு சொன்னதாலயா, அம்மணி?"

"நான் கட்டம் போட்டதாலீங்க, அம்மா."

"ஏனக்கா," என்றான் தனபால், அவனுக்குத் தைரியம் வந்திருந்தது, "நம்ம ஊட்ல கொழந்த பொறந்தா, பேரு வெக்கற நாள் வரைக்கும் கூப்புடாமயா இருக்கறோம்? கண்ணுன்னு கூப்புட்டுக்கறதில்ல? அப்படி வெச்சிருந்தா ராகு என்ன பண்ணியிருக்கும்?"

"இத முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"நீ எங்கூடப் பேசுனியா?"

ராசாத்தாள் முறைத்தாள். முறைப்பிலேயே சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்கப் பன் பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டு போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தாள். தனபாலும் போய் உட்கார்ந்தான். கூடை வாசலிலேயே இருந்தது.

ரூத் சுவரை மறுபடி வெட்டினாள். அதே இடத்தில் கதவை வைத்தாள். "தாழ்ப்பாள் ரெண்டு பக்கமும்னு எழுதிரட்டுங்களா?"

"என்ர பக்கம் எதுக்குங்க?" என்றான் தனபால். "நான் எதுக்குத் தாழ் போடறேன்? அக்கா பக்கம் மட்டும் இருக்கட்டும். தனியா இருக்கறவ, ராத்திரியில அவளுக்கு வேணும்."

ராசாத்தாள் பன்னை மென்றுகொண்டே திரையைப் பார்த்தாள். நீர் கோத்துக்கொண்ட கண்ணை முந்தானையால் ஒற்றினாள். "எழுதுங்க, அம்மணி" என்றாள். "ஆனா அவன் கிட்டச் சொல்லிப்போடுங்க. புதுமனை புகுவிழாவுக்குத் தட்டு எடுத்துட்டு நேர்ல வந்து கூப்புடோணும்."

"அம்மா, அவரு இங்கதான இருக்கறாரு."

"ஆமாமில்ல" என்று ராசாத்தாள் தம்பி பக்கம் திரும்பினாள். "நேர்ல வரோணும்டா."

"ஒரே கூரைக்குக் கீழ இருக்கப்போற. உன்னைக் கூப்புட நான் எங்கே வர்றது?"

"கதவத் தட்டிட்டு வா."

ராகு காலம் போயே வெகு நேரமாகியிருந்தது. யாரும் கவனிக்கவில்லை. ரூத்தான் ஞாபகப்படுத்தி, அவர்கள் சொன்ன பெயரைத் தட்டி, அச்செடுத்துக் கொடுத்தாள். ராசாத்தாள் நாலு மூலையிலும் மஞ்சள் வைத்துச் சுருட்டிக் கூடையில் செருகினாள். இருவரும் இறங்கிப் போனார்கள். படிக்கட்டில் பேச்சுக் கேட்டுக்கொண்டே போயிற்று. கதவு தேக்கா வேம்பா என்று ஏதோ தகராறு. வேம்புதான் என்றாள் அக்கா. கறையான் அரிக்காதுதான், ஆனால் வளையும் என்றான் தம்பி. ஒருவரும் மேலே திரும்பிப் பார்த்து, அவங்ககிட்டச் சொல்லுங்க மேடம் என்று கூப்பிடவில்லை.

ரூத் புதுப் படம் ஒன்றைத் திறந்தாள். ஒரு கோடுகூடப் போடுவதற்கு முன்னால் சேமிக்கப் போனாள். பெட்டி வந்து பெயர் கேட்டது.

கண்ணு, என்று தட்டினாள்.